ஜிஎஸ்டி கவுன்சிலுக்கு: கூலி கைக்கு வந்த பிறகு வரியை வாங்குங்கள்

கவுன்சிலின் தலைவராக இருக்கும் ஒன்றிய நிதியமைச்சர் அவர்களுக்கும், உறுப்பினர்களான எல்லா மாநில அமைச்சர்களுக்கும், குறிப்பாக எங்கள் தமிழ்நாட்டின் சார்பில் அந்தக் கூட்டத்தில் உட்காருகிறவருக்கும் வணக்கம்.

கோவையில் ஆவாரம்பாளையம் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லேத், ஒரு மில்லிங், ஒரு டிரில்லிங், தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிஎன்சி. பம்ப் கம்பெனிக்கு ஷாஃப்ட் கடைவோம், வால்வு கம்பெனிக்கு பாடி மெஷினிங் செய்வோம், மில் ஸ்பேர்ஸ் வந்தால் அதையும் விடமாட்டோம். காஸ்டிங்கோ ராடோ கம்பெனியிலிருந்து டெலிவரி சலான் போட்டு வரும், டிராயிங் பார்த்துக் கடைந்து, துளை போட்டு, மைக்ரோமீட்டர் வைத்து அளவு பார்த்துத் திருப்பி அனுப்புவோம். பொருள் அவர்களுடையது, மெஷினும் உழைப்பும் எங்களுடையது, பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. கணபதி, சின்னவேடம்பட்டி, பீளமேடு, குறிச்சி சிட்கோ என்று இந்த ஊரில் எந்தப் பக்கம் போனாலும் இப்படிப்பட்ட பட்டறைகள்தான். முதலாளியே லேத்தில் நிற்பார், சாயங்காலம் அவரே பில் போடுவார், அவரே டெலிவரிக்கும் போவார்.

வரியே வேண்டாம் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆண்டுக்கு 1.5 கோடிக்குள் கூலி வேலை செய்கிறவர்களுக்கு, பில் போட்ட மாதத்தில் கட்டச் சொல்லும் வரியை, அந்தப் பில்லுக்குப் பணம் வந்த மாதத்தில் கட்டும் வாய்ப்பைக் கொடுங்கள். கட்டாயமாக்க வேண்டாம், விரும்புகிறவர் எடுத்துக்கொள்ளட்டும். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் உங்களுக்கு முன்னால் வருகிற காகிதங்களில் வரி விழுக்காடு இருக்கும், வசூல் தொகை இருக்கும், ஒரு பில்லின் தேதிக்கும் அதற்குப் பணம் வரும் தேதிக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

கணக்குக்காக ஒரு பட்டறை மாதம் 3 லட்சத்துக்குக் கூலி பில் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 18 விழுக்காடு என்றால் வரி 54,000 ரூபாய். இன்செர்ட், டூல், கூலன்ட், மெஷின் ஸ்பேர் என்று 30,000 ரூபாய்க்கு வாங்கினால், அதற்குக் கொடுத்த வரி 5,400ஐ இதில் கழித்துக்கொள்ளலாம், இதைத்தான் கிரெடிட் என்கிறோம். மீதி 48,600 ரூபாயை ரொக்கமாகக் கட்ட வேண்டும். ஏப்ரல் மாத பில்லுக்கு மே 20, காலாண்டு முறையில் இருந்தால் மே 25க்குள் சலான். (காலாண்டு முறை என்று பெயர்தான், முதல் இரண்டு மாதத்துக்கும் மாதாமாதம் பணம் போட்டாக வேண்டும்.) கம்பெனி எங்களுக்குப் பணம் கொடுக்க எடுத்துக்கொள்வது 90 நாள். அந்த 90 நாளும் பில் தேதியிலிருந்து ஓடாது, சரக்கு உள்ளே போய், குவாலிட்டியில் பாஸ் ஆகி, மாதக் கடைசியில் கணக்கு முடித்த பிறகுதான் ஓடத் தொடங்கும். ஏப்ரல் வேலைக்கு ஜூலை கடைசியில் பணம் வந்தால் அது நல்ல பார்ட்டி. அதற்குள் ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாத வரியும் கட்டி முடித்திருப்போம், ஜூன் காலாண்டு ரிட்டர்னுக்கு ஜூலை 22 கடைசித் தேதி என்பதால். ஆக 1,45,800 ரூபாய், ஏப்ரல் மாதக் கூலியில் ஒரு ரூபாய்கூடக் கையில் வராத நிலையில், எங்கள் கையிலிருந்து போய்விடுகிறது.

போன் பண்ணினால் அக்கவுண்ட்ஸில் இருக்கும் தம்பி மரியாதையாகத்தான் பேசுவார். "பேமென்ட் லிஸ்ட்ல உங்க பேரு இருக்குதுங்கண்ணா, வர்ற வாரம் பார்த்துக்கலாங்க." வர்ற வாரமும் அதையேதான் சொல்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, லிஸ்ட் அவர் கையில் இல்லை. ஆனால் இந்தப் பக்கம் ஆடிட்டர் ஆபீசிலிருந்து வரும் போனுக்கு வர்ற வாரம் என்று சொல்ல முடியாது. சனிக்கிழமை கூலி கேட்கும் ஆட்களிடமும் சொல்ல முடியாது. வங்கி ஓ.டி. (ஓவர்டிராஃப்ட் கடன்) லிமிட் முட்டி நிற்கும்போது வீட்டு நகைதான் வங்கிக்குப் போகிறது. பெண்டாட்டி நகையை அடகு வைத்து, இன்னொருவர் கொடுக்காத பணத்துக்கு வரி கட்டுவது என்பது இந்தத் தெருவில் ஒரு வீட்டுக் கதை இல்லை.

இதில் 2025 செப்டம்பர் 3 அன்று நடந்த உங்கள் 56ஆவது கூட்டம் எங்களை எந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 12 விழுக்காடு என்ற அடுக்கையே எடுத்துவிட்டீர்கள். அதே கூட்டத்தில் சோப்பு, ஷாம்புவுக்கும் வரியைக் குறைத்ததால் விலை இறங்கியது, அதில் எங்கள் வீட்டுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அடுக்கை எடுத்தபோது அதில் இருந்தவை எல்லாம் கீழே இறங்கவில்லை. தோல் பதனிடும் கூலி, அச்சடிக்கும் கூலி போன்றவை 5க்குப் போயின. தனியாகப் பெயர் சொல்லப்படாத மற்ற கூலி வேலைகள், அதாவது எங்கள் இன்ஜினியரிங் ஜாப் ஒர்க், செப்டம்பர் 22 முதல் 18க்கு ஏறியது. 2017 ஜூலையில் 18இல் ஆரம்பித்தது, இந்த ஊர்ச் சங்கங்கள் கோரிக்கை மனுவாகக் கொடுத்துக் கொடுத்து 2019 அக்டோபரில் 12க்கு இறங்கியது, இப்போது மறுபடியும் பழைய இடம். மேலே சொன்ன கணக்கையே 12இல் போட்டுப் பாருங்கள்: 36,000இல் கிரெடிட் போக 30,600. மாதம் 18,000 ரூபாய் கூடுதல், மூன்று மாதத்துக்கு 54,000.

"கம்பெனிதான் அந்த வரியைக் கிரெடிட் எடுத்துக்கொள்கிறதே, உங்களுக்கு என்ன நஷ்டம்" என்று கேட்பார்கள். கம்பெனிக்கு நஷ்டம் இல்லை என்பது உண்மைதான். பொருள் வாங்கி விற்கும் கடைக்காரருக்கும் இந்த வலி குறைவு, விற்கும்போது கட்டும் வரியில் பெரும்பகுதி வாங்கும்போதே கிரெடிட்டாக வந்துவிடுகிறது. கூலி வேலைக்கு அது கிடையாது. எங்கள் செலவில் முக்கால்வாசி சம்பளமும் கரண்டும். சம்பளத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, மின்சாரத்துக்கும் இல்லை, அதனால் கிரெடிட்டும் இல்லை. 18 விழுக்காட்டில் ஏறக்குறைய முழுவதையும் ரொக்கமாகத் தருகிறவர்கள் நாங்கள்தான். வாடகைக் கட்டடத்தில் இருக்கிற பட்டறை என்றால், கட்டட ஓனர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவராக இருக்கும்பட்சத்தில், 2024 அக்டோபர் 10 முதல் வாடகைக்கு உண்டான 18 விழுக்காட்டையும் பட்டறைக்காரரே முதலில் ரொக்கமாகக் கட்டிவிட்டு அப்புறம் கிரெடிட் எடுக்க வேண்டும்.

இப்போது என்னை மிகவும் வருத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். ஒரே பில்லுக்கு நீங்கள் மூன்று விதமான கெடு வைத்திருக்கிறீர்கள். நான் வரி கட்ட எனக்குக் கொடுத்திருக்கும் கெடு அடுத்த மாதம் 20 அல்லது 25. அதே பில்லில் கிரெடிட் எடுக்கும் கம்பெனிக்கு, அடுத்த மாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி என்ற கிரெடிட் பட்டியலில் அந்த வரி வந்து உட்கார்ந்துவிடும், அதை எடுத்துத் தன் வரியைக் கழித்துக்கொள்ளலாம், எனக்குப் பணம் கொடுக்க மட்டும் 180 நாள் இருக்கிறது. 180 நாள் தாண்டினால்தான் எடுத்த கிரெடிட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். மூன்றாவது, எங்களைப் போன்றவர்களுக்குப் பணம் கொடுக்கச் சிறுகுறு தொழில் சட்டம் 2006ஆம் ஆண்டே சொன்ன 45 நாள். ஒரே பில், ஒரே வேலை, ஒரே வரி. எனக்குச் சில வாரம், என்னிடம் வேலை வாங்கியவருக்கு அரை வருடம். நான் கட்டிய வரியை அவர் கிரெடிட்டாக எடுத்து ஆறு மாதம் பயன்படுத்துகிறார், எனக்கு வரவேண்டிய கூலியையும் சேர்த்து வைத்துக்கொண்டு. எந்த அதிகாரியும் உட்கார்ந்து திட்டம் போட்டு இப்படி எழுதியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன், ஆனால் எழுதி முடித்ததைச் சேர்த்துப் படித்தால் இதுதான் வருகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சேவைக்கு வரி எப்போது என்று சொல்லும் ஜிஎஸ்டி சட்டத்தின் 13ஆவது பிரிவில், பில் தேதி, பணம் வந்த தேதி, இரண்டில் எது முந்தியோ அது என்று இருக்கிறது. யாராவது நல்ல மனிதர் முன்பணம் கொடுத்தால், வேலையே ஆரம்பிக்காவிட்டாலும் அதற்கு வரி வந்துவிடும். பணம் தாமதமானால் பில் தேதிக்கே வரி. பணம் வந்த தேதியைக் கணக்கில் எடுக்க அரசுக்குத் தெரிகிறது, அது அரசுக்கு முந்தி வரும்போது மட்டும்.

சரி, 20ஆம் தேதி 48,600க்குப் பதிலாகக் கையில் 30,000தான் இருக்கிறது, அதையாவது கட்டலாம் என்றால் முடியாது. ஜிஎஸ்டி தளத்தில் நம் பேரில் இருக்கும் கேஷ் லெட்ஜரில் போட்டு வைக்கலாம், ஆனால் மொத்த வரியும் சேராமல் வரி கட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி போகாது. தாமதத்துக்கு நாளுக்கு 50 ரூபாய், எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு ரிட்டர்னுக்கு 2,000 ரூபாய் என்று 2021இல் உச்சவரம்பு வைத்தீர்கள், அது நல்ல காரியம், நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் 18 விழுக்காடு வட்டி அப்படியே நிற்கிறது. அதைவிடப் பெரிய அடி, முந்தைய ரிட்டர்ன் போகவில்லை என்றால் எங்கள் பில்களை ஏற்றும் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1 திறக்காது. அது போகவில்லை என்றால் கம்பெனியின் 2பியில் எங்கள் பில் தெரியாது. தெரியவில்லை என்றால், "கிரெடிட் வரல, பேமென்ட் ஹோல்டு" என்று மெயில் வரும். பணம் வராததால் வரி கட்ட முடியவில்லை, வரி கட்டாததால் பணம் வராது. தவணை கேட்கலாமா என்று பார்த்தால், 80ஆவது பிரிவில் 24 மாதம் வரை தவணை உண்டு, ஆனால் ரிட்டர்னில் நாமே ஒப்புக்கொண்ட வரிக்கு மட்டும் அது கிடையாது. அதாவது, மறைத்ததைத் துறை கண்டுபிடித்து உத்தரவு போட்ட தொகைக்குத் தவணை கேட்க வழி உண்டு, நேர்மையாகக் கணக்குக் காட்டியவருக்கு அந்த வழி மூடியிருக்கிறது. இது எந்த ஊர் நியாயம்?

எங்களுக்கு இதுவரை சொல்லப்பட்ட மாற்று வழிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காம்போசிஷன் என்ற சிறியவர்களுக்கான தனித் திட்டத்துக்குப் போங்கள் என்பார்கள். சேவைக்கு 50 லட்சம் வரை, 6 விழுக்காடு. அந்த வரியைக் கம்பெனியிடம் வாங்கக் கூடாது, எங்கள் கூலியிலிருந்தே கொடுக்க வேண்டும், கம்பெனிக்கும் கிரெடிட் போகாது. பீஸுக்கு நாலணா எட்டணா மிச்சம் பார்க்கிற வேலையில் 6 விழுக்காட்டைக் கையிலிருந்து கொடுத்தால் மிஞ்சுவது என்ன? 40 லட்சம் வரை பதிவே வேண்டாமே என்பார்கள், அது பொருள் விற்கிறவருக்கு. ஜாப் ஒர்க் சட்டப்படி சேவை, எங்களுக்கு 20 லட்சம்தான், அதற்குள் இருந்தாலும் கம்பெனியில் எங்கள் பேரைப் பதிந்து வெண்டர் கோடு போடும்போதே ஜிஎஸ்டி நம்பர் கேட்கிறார்கள். டிரெட்ஸ் என்ற இணையத் தளத்தில் பில்லைக் கொடுத்து முன்னதாகப் பணம் வாங்கலாம் என்பார்கள். 250 கோடிக்கு மேல் விற்பனை இருக்கும் கம்பெனிகள்தான் அதில் கட்டாயம் சேர வேண்டும், எங்களுக்கு வேலை கொடுப்பவர்களில் பெரும்பாலோர் அதற்குக் கீழே இருக்கும் நடுத்தரக் கம்பெனிகள்.

45 நாளில் தராத கம்பெனி மீது சிறுகுறு தொழில்களின் பாக்கிக்கான சமாதான் இணையத் தளத்தில் புகார் கொடு என்றும் சொல்வார்கள். சட்டத்தில் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம், எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. அடுத்த மாதம் ஆர்டர் வேண்டும் என்கிறவன் யாரும் கேட்கமாட்டான். வேலை கொடுப்பவரே நாலு பேர்தான், அதில் ஒருவர் மேல் கேஸ் போட்டான் என்று தெரிந்தால் மற்ற மூவரும் யோசிப்பார்கள். 45 நாள் தாண்டியும், வருடக் கடைசிக்குள்ளும் கொடுக்காவிட்டால் அந்தச் செலவைக் கம்பெனி அந்த வருடம் கழிக்க முடியாது என்று வருமான வரியில் 43பி-யில் ஒன்றிய அரசு ஒரு உட்பிரிவு கொண்டுவந்தது, 2024 ஏப்ரல் முதல் நடைமுறை. அது ஓரளவுக்கு வேலை செய்கிறது, மார்ச் மாதக் கடைசியில் பழைய பாக்கி கொஞ்சம் நகர்கிறது. ஏப்ரலில் மறுபடியும் பழைய கதை.

நான் கேட்பது புதுசும் இல்லை. 2011 வரை இந்த நாட்டில் சேவை வரியே பணம் வந்த பிறகுதான் கட்டப்பட்டது. அதை மாற்றிய பிறகும், 50 லட்சத்துக்குள் சேவை செய்யும் தனிநபருக்கும் பங்குதாரர் நிறுவனத்துக்கும் பணம் வந்த பிறகு கட்டலாம் என்ற சலுகை ஜிஎஸ்டி வரும்வரை இருந்தது. 2017இல் எல்லா வரியையும் ஒன்றாகச் சேர்த்தபோது அது காணாமல் போனது. வருமான வரிக் கணக்கைப் பாருங்கள், பணம் வந்த அடிப்படையில் கணக்கு எழுதவும் அந்தச் சட்டம் அனுமதிக்கிறது. 2 கோடிக்குள் வியாபாரம் செய்கிறவர் உத்தேச வருமானத் திட்டத்தில் வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 விழுக்காடு, ரொக்கமாக வந்ததற்கு 8 விழுக்காடு லாபம் காட்டினால் போதும், மார்ச் 15க்குள் ஒரே தடவை முன்கூட்டிய வரி. நான்கூட அதில்தான் இருக்கிறேன், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. பிரிட்டனில் வாட் வரிக்கு 13.5 லட்சம் பவுண்டு வரை விற்பனை உள்ளவர்கள் பணம் வந்த பிறகு வரி கட்டும் திட்டத்தில் சேரலாம். அங்கே கொடுக்கலாம் என்றால் இங்கே ஏன் கூடாது?

அரசுக்கு வருமானம் குறையும் என்பீர்கள். குறையாது, இரண்டு மூன்று மாதம் தள்ளி வரும், அதுவும் சின்னவர்களிடமிருந்து வருவது மட்டும். ஏமாற்றுவார்கள் என்பீர்கள். பில்லை இப்போது போலவே அதே தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1இல் ஏற்றட்டும், அதில் எந்த மாற்றமும் வேண்டாம். கம்பெனியிலிருந்து வரும் பணம் எல்லாம் வங்கி வழியாகத்தான் வருகிறது, கூலிக்கு 1 விழுக்காடு டிடிஎஸ் பிடிப்பதால் வருமான வரித் துறையிலும் பதிவாகிறது. 2024 அக்டோபரில் நீங்கள் கொண்டுவந்த இன்வாய்ஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டத்தில் வாங்குகிறவர் ஒவ்வொரு பில்லையும் ஏற்கிறேன், மறுக்கிறேன் என்று சொல்லலாம். பணம் கொடுத்த தேதி என்று அங்கே இன்னொரு கட்டம் சேர்த்தால் போதும், எங்கள் வரிக்கும் அவர் கிரெடிட்டுக்கும் அதுவே தேதி. பணம் கொடுத்தால்தான் கிரெடிட் என்று ஆனால் கம்பெனிகள் இப்படிப்பட்ட பட்டறைகளை ஒதுக்கிவிடுமே என்ற கவலை எனக்கும் இருக்கிறது. அதனால் கிரெடிட்டை அவர்கள் இப்போது போல முன்னாலேயே எடுக்கட்டும், 180 நாளை மட்டும் 45 ஆக்குங்கள். பிரிட்டனிலும் அந்தத் திட்டத்தில் இருப்பவரிடம் வாங்குகிறவரின் கிரெடிட் தள்ளிப்போவதில்லை. இங்கே அதற்கு 16ஆவது பிரிவில் ஒரு திருத்தம் வேண்டியிருக்கும், விற்றவர் வரி கட்டியிருந்தால்தான் கிரெடிட் என்று அது சொல்வதால்.

கடைசியாக, வராமலே போகும் பணம். கம்பெனி மூடிவிட்டது, பார்ட்டி கையை விரித்துவிட்டார், கூலி போச்சு. கூலியோடு நான் கட்டிய 18 விழுக்காடும் போச்சு. வாராக் கடனுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்பக் கேட்க இங்கே வழி இல்லை. இதில் கூர்ந்து பார்க்க வேண்டியது, 180 நாள் தாண்டியதும் அந்தக் கம்பெனி எடுத்த கிரெடிட்டை வட்டியோடு திருப்ப வேண்டும் என்பதுதான் சட்டம். திருப்பினால் அந்த வரி அரசுக்கு இன்னொரு தடவை வந்துவிடுகிறது. நான் கட்டியதும் அரசிடம், அவர் திருப்பியதும் அரசிடம், கூலி யாரிடமும் வரவில்லை. பணம் வந்த பிறகு வரி என்று ஆக்கினால் இந்தப் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிடும்.

விழுக்காட்டை 5க்கு இறக்கச் சொல்லி இந்த ஊர்ச் சங்கங்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன, நானும் அதில் ஒருவன், தோலுக்கும் அச்சுக்கும் கொடுத்ததை இரும்புக்கும் கொடுங்கள் என்பதில் மாற்றமில்லை. ஆனால் அது உங்களுக்குக் காலம் எடுக்கும் என்றால், முதலில் தேதியையாவது மாற்றுங்கள். தமிழ்நாட்டு அமைச்சர் அவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: அடுத்த கூட்டத்துக்கு முன்னால், பணம் வந்த பிறகு வரி என்ற இந்த ஒரு கோரிக்கையைக் கவுன்சிலின் சட்டக் குழுவுக்கு எழுத்தில் அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் உங்கள் அதிகாரிகள் யாரையாவது ஒரு காலாண்டு முடியும் வாரத்தில் ஆவாரம்பாளையத்துக்கு அனுப்பிவையுங்கள். விற்பனைப் புத்தகம், வங்கிப் புத்தகம், சலான் கோப்பு மூன்றையும் மேசையில் எடுத்து வைக்கிறேன், தேதிகளை அவர்களே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
கோவையில் லேத் பட்டறை நடத்துகிறவன்